குட்டைக்கு மேலே அம்மா புடவை

மணலூர்பேட்டை பூக்கடையில் கதம்பம் வாங்கிக்கொண்டிருந்த கோகிலவாணியின் போன் அடித்தது. திரையில் புருஷன் பெயர். செழியன் லேசில் போன் செய்கிற ஆள் இல்லை. கரும்புத் தோட்டத்திலிருந்து பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டுமென்றால்கூட வரப்பில் ஏறி நின்று கத்திப் பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவான். அப்பேர்ப்பட்டவன் கூப்பிடுகிறான் என்றால் அது குட்டை விஷயமாகத்தான் இருக்கும்.

"கோகிலா, வந்துட்டானுங்க!"

"யாருங்க? மாப்ள வூட்டுக்காரங்களா?"

"நீர்க்காக்காடி! கும்பலா வந்து முருங்க மரத்துல குந்திக்கினு இருக்குது. ஒன்னு தண்ணில முழுவுது, மத்ததெல்லாம் வரிசையில நிக்குது. ரேஷன் கடையாட்டம்!"

கோகிலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெயில் ஏறி, பெண்ணையாற்றில் தண்ணீர் மடுவுக்கு மடு சுருங்கிப்போனதிலிருந்து, ஆற்றில் பிழைத்த பறவையெல்லாம் அவள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு விருந்தாளியாக வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் குட்டைக் கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். அண்ணன் சுப்புராயனும் தம்பி செழியனும் பாகம் பிரிந்தபோது வீடு இரண்டானது. கொல்லைப்புறம் மட்டும் பொதுவில் நின்றது. அங்கே சும்மா கிடந்த எருக்குழியை அகலமாக வெட்டி, தண்ணீர் விட்டு, கட்லாவும் ரோகுவுமாக மீன் வளர்க்கத் தொடங்கினாள் கோகிலா. வெட்ட வந்த ஜேசிபி, அண்ணன் பெண்டாட்டி செவ்வந்தியின் மருதாணிச் செடியையும் சேர்த்து வாரிவிட்டது. அன்றைக்கு நின்றது ஓரகத்திகளின் பேச்சு. கோகிலாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் செவ்வந்தி தன் மகள் சுபஸ்ரீயிடம் சொல்வாள், சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிற சத்தத்தில்.

சுப்புராயனுக்கோ அந்த இடத்தில் மாட்டுக் கொட்டகை போட ஆசை. "சுபாவோட கல்யாணம் முடிஞ்சி கறிவிருந்துக்கு எலவனாசூர்கோட்டை சம்பந்தி வருவாரு. மனுஷனுக்கு மீன்னா உசுரு. உன் குட்டை மீன்ல கொழம்பு வெச்சிப் போடு, குட்டை உனுக்கு. இல்லன்னா கொட்டாய் எனுக்கு" என்றார். எல்லாரும் பார்க்க, "சரிங்க மாமா" என்று கோகிலாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுத்த மறுவாரமே பறவைகள் வந்துவிட்டன. செழியன் சட்டையை மாட்டி ஒரு வைக்கோல் பொம்மை நிறுத்தினாள். மீன்கொத்தி அதன் தலையில் உட்கார்ந்து வசதியாக மீன் பார்த்தது. வலை கட்டினாள். அதில் ஒரு கொக்கு சிக்கிப் படபடக்க, "சுபா, கல்யாண வூட்ல ஒரு உசுரு போவப்போவுதுன்னு சொல்லு!" என்று சுவருக்கு அப்பாலிருந்து செவ்வந்தி அலற, கொக்கை விடுவித்து வலையையும் கழற்ற வேண்டியதாயிற்று. போன வாரம் சுப்புராயன் முடிவாகவே சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி பறவ வாயில மீனப் பாத்தேன், மறுநாளே ஏரி வண்டல் கொட்டி மூடிடுவேன்." டிராக்டர்காரனிடமும் பேசி வைத்தாயிற்று.

இப்படியிருக்கும்போது நீர்க்காகம் வரிசையில் நிற்கிறது என்றால் எப்படி இருக்கும்?

"மாமா பாத்தாராங்க?" என்றாள் கோகிலா, பூவைக் கூடையில் போட்டுக்கொண்டே.

"அண்ணன் பந்தக்காரனப் பாக்கப் போயிருக்குது. வந்துகினே இருக்கும். சீக்கிரம் ஒரு வழி சொல்லு!"

ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறினாள். மணிலாக் கொல்லையில் பன்றி வந்து கடலையைத் தோண்டாமலிருக்கப் பழைய புடவை கட்டுவார்களே, அது பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"பரண்ல அம்மா பொடவ இருக்குது பாருங்க! அத எடுத்து குட்டை மேல குறுக்கால கட்டுங்க!"

ஆட்டோ குலுங்கிக்கொண்டு கிளம்பியது.

"அம்மா பொடவயா?"

"ஆமாங்க! சும்மாதான கெடக்குது!"

"கோகிலா, நல்லா யோசன பண்ணித்தான் சொல்றியா?"

"இதுக்கு இன்னா யோசன? கிழிஞ்சா கிழியட்டும். நாலு மூலையும் கெட்டியா கட்டுங்க!"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. போன் கட்டாகிவிட்டது. ஒரு பெரிய வேலையை முடித்த நிம்மதியில் கோகிலா சாய்ந்து உட்கார்ந்தாள்.

இன்றைக்குப் படையல் வேறு. சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்து, கல்யாணத்துக்கு முன்னால் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி, கோகிலா, செவ்வந்தி இருவருக்கும் மாமியாரான காசியம்மாள். போன படையலில் வைத்த புடவை மூங்கில் பெட்டிக்குள் இருக்கும். அதை எடுத்துக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டிவிட்டு, பெட்டியில் புதுசை வைப்பார்கள். பாகம் பிரிந்தபோது சாமி மூலை செழியன் பக்கம் விழுந்ததால், அந்தப் பெட்டி கோகிலா வீட்டுப் பரணில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் செவ்வந்தி வந்து எடுத்துப்போக வேண்டும். பேசாமல் எப்படிக் கேட்பாள், பேசாமல் எப்படிக் கொடுப்பது என்று கோகிலா வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைப்புறத்துக்கு ஓடினாள்.

குட்டையில் ஒரு பறவை இல்லை. முருங்கை மரத்தில் நாலைந்து நீர்க்காகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தன. குட்டைக்கு நடுவே, நான்கு கொம்பு நட்டு, ஒரு புடவை பந்தல்போல விரிந்திருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் பொம்மென்று எழும்பி அடங்கியது. மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர்.

கரையில் செழியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பரீட்சையில் பாஸானவன்போல நின்றான்.

"எப்பிடி?" என்றான்.

கோகிலாவின் கையிலிருந்து பூக்கூடை நழுவியது.

"ஐயையோ! இது அத்த பொடவ!"

"ஆமா, அம்மா பொடவதான். நீதான கட்டச் சொன்ன?"

"நான் எங்கம்மா பொடவயச் சொன்னேங்க! போர்வ தைக்கக் குடுத்தனுப்புச்சே, அந்தப் பழைய நூல் பொடவ மூட்ட! உங்கம்மாவ நான் என்னிக்கி அம்மான்னேன்? அத்தன்னுதான சொல்லுவேன்!"

செழியனின் முகம் சுருங்கியது. "எனுக்கு அம்மான்னா எங்கம்மாதான். யோசன பண்ணித்தான் சொல்றியான்னு கேட்டேன். கிழிஞ்சா கிழியட்டும்ன. எனுக்கே திக்குன்னுச்சி. சரி, அம்மாவே காவலுக்கு நிக்கட்டும்னு ஏதோ வேண்டுதல் வெச்சிருக்கறாப்ல இருக்குதுன்னு நெனச்சிக்கினேன்."

அவன் சொன்னதிலும் தப்பில்லைதான். ஆனால் நியாயம் பேசுகிற நேரமா இது? சுபஸ்ரீ உடம்பில் ஏற வேண்டிய புடவை மீன் குட்டைக்குக் கூரையாகி நிற்கிறது. அம்மா பேச்சை எடுத்தாலே கண் கலங்குகிற சுப்புராயன் இதைப் பார்த்தால், இன்றைக்கே டிராக்டர் வந்து நிற்கும். குட்டையும் போகும், மீனும் போகும், வாக்கும் போகும்.

"நீங்க போயி எங்கம்மா மூட்டைய எடுத்துக்கினு வாங்க. நான் இத அவுக்கறேன். ஓடுங்க!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டையில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. கெட்டியாகக் கட்டுங்கள் என்று அவள் சொன்னதை மனுஷன் அட்சரம் பிசகாமல் செய்திருந்தான். நகம் பெயர்ந்துவிடும்போல இருந்தது ஒவ்வொரு முடிச்சும். மூன்றை அவிழ்த்து, நாலாவதில் கை வைத்தபோது புடவையின் ஒரு பக்கம் தண்ணீரில் சரிந்தது.

இதற்காகவே காத்திருந்ததுபோல முருங்கை மரத்திலிருந்து ஒரு நீர்க்காகம் சர்ரென்று இறங்கியது. முங்கி எழுந்தபோது அதன் அலகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் வெள்ளையாகத் துள்ளியது.

"ஐயோ! எம் வெள்ளச்சியத் தூக்கிக்கினு போவுதே!"

அலறியது கோகிலா இல்லை. சுவர் ஓரத்துச் சந்து வழியாகச் செவ்வந்தி வந்துகொண்டிருந்தாள். வந்தாளா, பறந்தாளா தெரியவில்லை. படையலுக்கென்று கட்டியிருந்த பச்சைப் பட்டுப் புடவையோடு தடாலென்று குட்டையில் குதித்து, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரி அடித்தாள். "வுடு! வுட்றா! கண்ணு அவிஞ்சிரும் உனுக்கு!"

நீர்க்காகம் தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஆளைப் பார்த்திருக்காது. மீனைப் போட்டுவிட்டு உயிர் பிழைத்தால் போதுமென்று பறந்தது. மீன் தண்ணீரில் விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, பிறகு வாலை உதறிக்கொண்டு அடியில் போய் மறைந்தது.

"போயிடுச்சி, அப்பாடா, உள்ள போயிடுச்சி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் செவ்வந்தி.

கோகிலா வாயைப் பிளந்தபடி நின்றாள். "வெள்ளச்சியா?"

செவ்வந்திக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே உறைத்தது. பட்டுப் புடவை இடுப்பு வரைக்கும் நனைந்திருக்கிறது. தலையிலிருந்த பூ குட்டையில் மிதக்கிறது. பேசாத ஓரகத்தி ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். பேச்சை அனுப்பச் சுபஸ்ரீயும் பக்கத்தில் இல்லை.

"இன்னா பாக்கற?" என்றாள் கடுப்பாக. "நீ காலைல சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போவற நேரமாப் பாத்து, நான் வந்து சோத்துப் பருக்க போடுவேன். தட்டத் தட்டுனா மொதல்ல வர்றது அதான். பேரு வெச்சா தப்பா?"

மருதாணிச் செடிக்காக இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அக்கா, திருட்டுத்தனமாகத் தன் மீனுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். கோகிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. அதைப் பார்த்துச் செவ்வந்தியும் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. இருவரும் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அக்கா, மருதாணிக்கு நான் வேற பதியன் வெச்சித் தர்றேன்க்கா. அன்னிக்கே கேட்டிருக்கணும். வாய் வரல."

"அது கெடக்குது போ. செடி எங்க கெடைக்காது." சொல்லிக்கொண்டே கீழே பார்த்த செவ்வந்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. "இது இன்னா? கோகிலா, இது அத்த பொடவ இல்ல?"

மறைக்க வழியில்லை. கோகிலா உள்ளதை உள்ளபடி சொன்னாள். போனில் பேசியது, ஆட்டோ சத்தம், எங்கம்மா, உங்கம்மா, எல்லாமும்.

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா அபசகுனம்னு கல்யாணத் தேதியயே மாத்துவாரே! பத்திரிக வெச்சி ஊரெல்லாம் அழைச்சாச்சே!"

"செவ்வந்தி! இன்னா அங்க சத்தம்?"

சுப்புராயனின் குரல் சந்துக்குள் கேட்டது. அடுத்த நிமிஷம் ஆளே வந்துவிட்டார். பட்டுப் புடவையோடு தண்ணீரில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியின் கையில் பாதி நனைந்து தொங்கிய மஞ்சள் புடவையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அது அம்மா பொடவயாச்சே."

சரியாக அந்த நேரம் பார்த்து, தலையில் மூட்டையோடு வந்து சேர்ந்தான் செழியன். "அண்ணா, அது இன்னான்னா, நான்தான்..."

"நீங்க மொதல்ல அந்த மூட்டைய எறக்கி வெய்ங்க!" என்று ஒரு போடு போட்டாள் கோகிலா. செழியன் வாயையும் சேர்த்து இறக்கி வைத்தான்.

செவ்வந்தி முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், கோகிலாவே அசந்துபோனாள்.

"இன்னான்னு சொல்றதுங்க! பொண்ணுக்குக் கட்டணுமே, மஞ்சத் தண்ணில அலசிப் போடலாம்னு நாங்க ரெண்டு பேரும் அத்த பொடவய வெளிய எடுத்தம். நீர்க்காக்கா கும்பலா வந்து எறங்கப் பாத்துது. திடீர்னு ஒரு காத்து. பொடவ தானா பறந்துபோயி குட்டை மேல விரிஞ்சிக்கிச்சி! ஒரு காக்கா கிட்ட வரணுமே? நாங்க அத எடுக்கப் போனம், ஒடனே ஒன்னு பாஞ்சி மீனக் கவ்வுச்சி. எடுக்காதடின்னு அத்தயே சொல்றாப்ல இருந்துச்சி எங்களுக்கு!"

நட்டிருந்த நான்கு கொம்புகளும், கொம்பில் முடிச்சோடு தொங்கிய கயிறும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. ஆனால் சுப்புராயனின் கண் புடவையை விட்டு நகரவில்லை.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார்.

"விரிங்க" என்றார். "எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே விரிங்க."

நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். காற்று உள்ளே புகுந்து புடவை மேலே எழும்பியது. முருங்கை மரத்தில் மிச்சமிருந்த பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுப் பக்கம் பறந்தன.

சுப்புராயன் ஒரு கையால் மூலையைப் பிடித்தபடியே இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பேத்தி கல்யாணத்துக்கு வந்துட்டியாம்மா? வந்ததும் வராததுமா காவலுக்கு நின்னுட்டியா?" என்று சின்னப் பிள்ளைபோல விசும்பினார். அம்மா என்றால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் புத்தி ஒரே பக்கம்தான் ஓடும்போல.

கோகிலாவுக்கும் கண் கலங்கியது. பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் நாலு பேரும் ஒரே புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அது பொய்யில்லை. பாகம் பிரிந்த பிறகு இந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது.

சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே போனைப் போட்டார். "யப்பா, வண்டல் வேணாம். கொட்டாயி வேற பக்கம் போட்டுக்கறேன். டிராக்டர அனுப்பாத." பிறகு கோகிலாவைப் பார்த்தார். "இத அலசிக் காயப் போடும்மா, சாயங்காலம் பொண்ணுக்குக் கட்டணும். அம்மா கட்டுன பழைய பொடவயெல்லாம் எங்கிட்ட பொட்டில கீது. நானே எடுத்தாந்து குட்டை பூரா கட்டிவுடறேன். இனிமே ஒரு கொக்கு எட்டிப் பாக்காது."

குட்டை பிழைத்தது! கோகிலாவுக்குக் காலில் விழலாம்போல இருந்தது. "ரொம்ப சந்தோஷம் மாமா! கறிவிருந்துக்குள்ள மீன் இன்னும் நல்லா பெருத்துரும். சம்பந்திக்கு..."

"இன்னா பேசற நீ?" சுப்புராயன் அதிர்ந்துபோய்க் கேட்டார். "எங்கம்மா காவல் காக்கற மீன அறுத்துக் கொழம்பு வெப்பியா? இந்தக் குட்டைல இனி எவனும் வல போடக்கூடாது. இது சாமி மீனு. சொல்லிட்டேன்."

செவ்வந்தி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்திக்காரி வேஷம்தான். ஆனால் கண்ணில் இருந்த சிரிப்பை மறைக்க முந்தானை பத்தவில்லை. வெள்ளச்சிக்கு ஆயுசு கெட்டி என்பதுதான் அவளுக்கு முதல் சந்தோஷம். கோகிலாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அத்தையே வந்து நின்றாள் என்று அக்கா சும்மா அளக்கவில்லை.

"அக்கா!" என்று பல்லைக் கடித்தாள்.

"இன்னாடி தங்கச்சி?" என்றாள் செவ்வந்தி, தேனொழுக.

அதற்குள் சுப்புராயனின் கையிலிருந்த போன் அடித்தது. ஈரக்கையோடு அவர் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் எலவனாசூர்கோட்டைச் சம்பந்தியின் குரல் கொல்லைப்புறம் முழுக்க முழங்கியது.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? பத்திரிக வைக்க நாளைக்கி உங்க ஊர் பக்கம் வர்றேன். அப்பிடியே ஒரு எட்டு வூட்டுக்கும் வந்துட்டுப் போறேன். சமையல் ஒன்னும் ஜாஸ்தி பண்ண வேணாம், வெறும் சோறு ஆக்கி வெச்சா போதும். உங்க தம்பி வூட்டுக் குட்டையப் பத்தித்தான் ஊரே பேசிக்கினு இருக்குதே! நானே தூண்டில எடுத்துக்கினு வந்துடறேன்."